வேற மாதிரி சொல்லு

ஏப்ரல் 21, திங்கள்

பேராவூரணி வந்து சேர்ந்தேன். நாற்பது நாள் லீவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கம்பெனி அவிழ்த்து விடுகிறது. மஸ்கட்டில் சாரம் கட்டும் வேலைக்கு நான் ஃபோர்மேன், எனக்குக் கீழே அறுபது பேர். அன்றன்று நடந்ததை எழுதி வைத்துவிட்டுத்தான் சைட்டை விட்டு நகர வேண்டும் என்பது அங்கே வழக்கம். பதினாறு வருடப் பழக்கம், லீவிலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் நிறைய வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்காரனை அழைத்து வரவும் ஏற்றி விடவும் வேன் போட்டுக்கொண்டு போகாவிட்டால் அது பயணத்தில் சேர்த்தியே இல்லை. வண்டி ஓட்டியது என் மனைவி சுகந்தியின் தம்பி விமல்ராஜ். அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் என் மகள் தர்ஷிகா. பதினொரு வயது. அந்த சீட் அவளுடையது, வேறு யாரும் உட்கார முடியாது. போன தடவை என்னை ஏற்றிவிட வந்தபோது ஏர்போர்ட் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு, நான் வரிசையில் மறைகிற வரைக்கும் கையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டாள். அப்பா குளித்துவிட்டு வரட்டும் என்று சுகந்தி சொன்னதற்கு, "நீ சும்மா கெட, உன்னக் கேட்டாங்களா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். என்ன வாய்! அப்படியே என் வாய். சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. பயணக் களைப்பு எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டில் ஒரு சட்டம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை மரியாதையில்லாமல் ஏதாவது சொன்னால் சுகந்தி கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறாள். "அத வேற மாதிரி சொல்லு" என்று ஒரே ஒரு தடவை சொல்கிறாள். அவ்வளவுதான். திட்டுவது இல்லை, அடிப்பது இல்லை. பிள்ளை வேறு மாதிரி சொல்கிற வரைக்கும் அடுத்த காரியம் நடக்காது.

காலையில் தோசை வார்க்கிற அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். தர்ஷி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ பசி. நல்ல நாடகம்டா இது என்று நானே அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைக்கு ஒரு தோசை வார்த்தேன். ஓமன் மேப் மாதிரி வந்தது. தர்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள். சுகந்தி மருந்துக்கடை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

மத்தியானம் வெண்டைக்காயைப் பார்த்ததும் தர்ஷி தட்டைத் தள்ளினாள். குழம்பு தரையெல்லாம். தரையைத் துடைத்துவிட்டு அதே சாப்பாட்டைச் சாப்பிடு, வேறு எதுவும் கிடையாது என்றாள் சுகந்தி. பிள்ளை துடைத்தாள், சாப்பிடவில்லை. சாயங்காலம் கடைத்தெருவுக்கு என்று சொல்லி அவளைக் கூட்டிப் போய் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நாற்பது நாள் அப்பன், வேறு என்ன செய்வான்?

சுகந்திக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாசம்தான் காட்டிக் கொடுத்திருக்கும். "ரெண்டு வருசமா நான் கட்டுனத ஒரு புரோட்டால அவுத்துட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

ஏப்ரல் 30, புதன்

தர்ஷிக்கு வாங்கி வந்த கைக்கடிகாரம் மேசை மேலேயே கிடக்கிறது. கட்டிக்கொள்ளேன் என்றேன். "இது எதுக்கு? ஆண்டு விழாவுக்கு வரேன்னுட்டு வராம இருந்ததுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அது போன வருடக் கதை. கம்பெனி விடவில்லை, நான் என்ன செய்ய? பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

மே 4, ஞாயிறு

இதை எழுதவே கை கூசுகிறது. சித்தப்பா வீட்டுப் பேரனுக்குக் காது குத்து. பந்தியில் பிள்ளைகள் இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தன. பழக்க தோஷம், நான் கையைத் தட்டி எல்லாரையும் வரிசையாக உட்காரச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்தன. என் பிள்ளை மட்டும் நின்றாள்.

"நீ யாரு சொல்றதுக்கு? நீ இங்கயா இருக்க?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். மஸ்கட்டில் என் ஒரு விசிலுக்கு அறுபது ஆள் இறங்கி வருவான். இங்கே பதினொரு வயதுப் பொடிசு என் மானத்தை இலையில் வைத்துப் பரிமாறிவிட்டாள். கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை சுகந்தி பிடித்தாள். பிடித்து, அந்தக் கையிலேயே ஒரு பாயசக் கப்பைத் திணித்துவிட்டு, தர்ஷியைப் பார்த்து, "அத வேற மாதிரி சொல்லு, சொல்லிட்டு உக்காரு" என்றாள். தர்ஷி சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிடாமல் வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் பாயசத்தை வைத்துக்கொண்டு நடுப்பந்தியில் நின்றேன்.

மே 5, திங்கள்

சுகந்தி வேலையிலிருந்து வந்ததும் என்னதான் உன் சட்டம், முழுசாகச் சொல் என்றேன். பேனாவை எடுக்காதீங்க, எழுதுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்றாள். அவள் சொன்னது இதுதான். கத்தக் கூடாது, ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். சரியாகத் திருப்பிச் சொன்னால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும், அப்புறம் அதைக் குத்திக் காட்டக் கூடாது. தண்டனை என்று ஒன்று சொல்லிவிட்டால் அது நடந்தே தீர வேண்டும், அதனால் நடத்த முடியாததைச் சொல்லவே கூடாது. முக்கியமாக, வீட்டில் இரண்டு பேரும் ஒன்று போலச் சொல்ல வேண்டும்.

அடிப் பாவி, இது என் சைட் சட்டமல்லவா! சாரத்தில் சிவப்பு அட்டை தொங்கினால் எவனும் ஏறக் கூடாது. கம்பெனி இன்ஜினீயரே வந்து ஐந்தே நிமிடம் என்று கெஞ்சினாலும் நான் ஏற விட்டதில்லை. ஒருத்தனுக்கு விட்டால் அடுத்த நாள் அட்டைக்கு யாரும் மதிப்புத் தர மாட்டார்கள். அங்கே அவ்வளவு வீராப்பு காட்டுகிறவன் இங்கே ஓமன் மேப் தோசை சுட்டுக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இனிமேல் நீ கட்டுவதுதான் கட்டு என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன்.

மே 7, புதன்

இன்றைக்கு மூன்று தடவை ‘வேற மாதிரி சொல்லு’ சொன்னேன். மூன்று தடவையும் கத்தவில்லை.

மே 8, வியாழன்

"சட்னிய இங்க தள்ளு" என்றாள் அம்மாவைப் பார்த்து. நானும் சுகந்தியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம், நான் மூடிக்கொண்டேன், அவள் சொன்னாள். காத்திருந்தோம். பதினேழு நிமிடம். தோசை ஆறி வறட்டி ஆகிவிட்டது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் சட்னி வேணும்" என்றாள். சுகந்தி எழுந்து சட்னியும் வைத்தாள், புதுத் தோசையும் வார்த்தாள். சரியாகக் கேட்டது கிடைக்காமல் போனால் பிள்ளை ஏன் சரியாகக் கேட்கப் போகிறது, இதில் பாதி அதுதான் என்கிறாள்.

மே 11, ஞாயிறு

மனோராவுக்குப் போவதாக இருந்தது. கோட்டையைச் சுற்றிவிட்டுக் கடலோரம் உட்கார்ந்து கட்டுச்சோறு. விமல்ராஜ் வண்டியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டான். நேற்று தர்ஷி என் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்து, "லூசு மாதிரி பேசாத" என்றாள். இன்னொரு தடவை எறிந்தால் மனோரா கிடையாது என்று சொன்னேன். கண் முன்னாலேயே இன்னொரு தடவை எறிந்தாள்.

காலையில் அவளாகவே வந்து, "அப்பா, போன எறிஞ்சது தப்பு" என்றாள். குரலே உடைந்திருந்தது. எனக்கு வண்டிச் சாவியை எடுக்கக் கை துடித்தது. நல்லா சொன்னம்மா, எனக்கு சந்தோஷம், ஆனா மனோரா இன்னிக்கு இல்லை என்றேன். அழுதாள். கட்டுச்சோற்றை வீட்டிலேயே அவிழ்த்துச் சாப்பிட்டோம். புளியோதரை நன்றாகத்தான் இருந்தது, நான் பாதியிலேயே இலையை மூடப் போனேன். சுகந்தி என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். லீவில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

மே 18, ஞாயிறு

ஒரு வாரமாக வீடு வீடாக இருக்கிறது. "அப்பா, சைக்கிளுக்குக் காத்து அடிச்சுத் தரியா?" என்கிறாள். அடித்துக் கொடுக்க நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து சுகந்தி கிண்டல் செய்கிறாள். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள்.

இன்றைக்கு ஆண்டு விழா வீடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். நன்றாக ஆடுகிறாள். நடுவில் இரண்டு தடவை கூட்டத்துப் பக்கம் பார்த்து நின்றுவிட்டாள். அடுத்த அடி மறந்திருக்கும் போல. சின்னப் பிள்ளைதானே.

மே 24, சனி

மறுபடியும் வேதாளம் ஏறிவிட்டது. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாள். காற்று அடித்துக் கொடுத்த சைக்கிளை எட்டி உதைக்கிறாள். "நீ போக இன்னும் ஏழு நாள்தான்" என்று யாரும் கேட்காமலே சொல்கிறாள். எப்போது தொலைவான் என்று காத்திருக்கிறாள் போல.

தினசரி காலண்டர் 22ஆம் தேதியிலேயே நிற்கிறது. கிழிக்கப் போனேன். "கிழிக்காத, அது என் வேலை" என்று கத்தினாள். வேற மாதிரி சொல்லு என்றேன். "தயவுசெஞ்சு கிழிக்காத" என்றாள். சரியாகக் கேட்டதால் விட்டுவிட்டேன். அவளும் கிழிக்கவில்லை. வர வர சோம்பேறித்தனம் அதிகமாகிவிட்டது.

மே 29, வியாழன்

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் பாட்டிலைச் சுற்ற பழைய பேப்பர் எடுத்து வா என்றேன். தர்ஷி கதவோரம் நின்றுகொண்டு அசையவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். "நீயே எடுத்துக்க. எடுத்துட்டு சீக்கிரம் போய்த் தொல" என்றாள்.

வேற மாதிரி சொல்லு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அப்படியா? அப்ப நீ ஏர்போர்ட்டுக்கு வர வேணாம்" என்றேன்.

அடுப்படியில் சுகந்தி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. தர்ஷி என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் போய் ஒரு கட்டு பேப்பரை எடுத்து வந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மே 30, வெள்ளி

காலையிலிருந்து சுகந்தியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஏதோ கோபத்தில் வந்துவிட்டது, பிள்ளை வந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். "உங்க வாய், நீங்க சொன்னது. மாத்துறதுன்னா மாத்துங்க, நான் குறுக்க நிக்கல" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளே சொன்னாள்.

"நீங்க மாத்திட்டு ஏறிப் போயிடுவீங்க. ரெண்டு வருசம் இங்க நிக்கப் போறது நான். அப்பா சொன்னதே நிக்கல, நீ சொல்றது நிக்குமான்னு அவ என்னத்தான் கேப்பா."

சரி, தர்ஷியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாம் போகலாம் என்றேன். அழுதுகொண்டிருக்கிற பிள்ளையை அடுத்தவர் வீட்டில் தள்ளிவிட்டு என்னால் வேனில் உட்கார முடியாது என்றாள். அப்படியானால் சுகந்தியும் வர முடியாது. அம்மாவும் பிள்ளையும் இல்லாமல் வேனில் யாரை ஏற்றிக்கொண்டு போவது? சொல்லும்போது இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சாரத்தில் ஒரு கட்டை உருவும்போது மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் உருவ மாட்டேன். வீட்டில் உருவிவிட்டேன்.

நாளைக்குக் கட்ட என்று தேய்த்து வைத்திருந்த நீலப் புடவையை சுகந்தி பீரோவில் திரும்ப வைத்ததைப் பார்த்தேன்.

மே 31, சனி. திருச்சி ஏர்போர்ட்

பதினொரு மணிக்கு வேன் வந்தது. விமல்ராஜ் நிலைமை தெரிந்து, "புள்ளதானே மச்சான், ஏத்திக்கிட்டுப் போவோம்" என்றான். இல்லடா என்றேன். தர்ஷி கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை. உன் மேல கோபம் இல்லம்மா, அப்பா அன்னிக்கு அவசரப்பட்டு சொல்லிட்டேன், ஆனா சொல்லிட்டேன் என்றேன். தலையில் முத்தம் கொடுத்தேன். அதைத் துடைக்கவில்லை.

உள்ளே வந்தால் காலண்டர் இன்னும் 22லேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக் கடவுளே. சோம்பேறித்தனம் என்று எழுதி வைத்திருக்கிறேன். நானெல்லாம் ஒரு ஃபோர்மேன்.

சுகந்தி வாசல் வரை வந்தாள். பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். பன்னிரண்டு சீட் வேனில் நானும் விமல்ராஜும் மட்டும் வந்தோம். ஜன்னலோர சீட்டில் என் கைப்பையை வைத்திருந்தேன். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு பேரும் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நான்கு பேருக்குக் கட்டியிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமல்ராஜ் மட்டும் நின்று கையாட்டினான். வரிசையில் நிற்கும்போது போன் வந்தது, வீடியோ. சுகந்தி நம்பர். படத்தில் தர்ஷியின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன.

"அன்னிக்குச் சொன்னத வேற மாதிரி சொல்லவா?"

"சொல்லும்மா."

ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர் தள்ளிப் போகச் சொன்னார். பெட்டியோடு ஒதுங்கி நின்றேன்.

"போகாதப்பா."

சரியாகத் திருப்பிச் சொன்னால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். சுகந்தியின் சட்டத்தில் பாதி அது. பிள்ளை சரியாகத்தான் கேட்டாள், அதைவிடச் சரியாக யாராலும் கேட்க முடியாது. கொடுக்க என்னிடம் இல்லை. அத்தனை பேர் நடுவில் நின்று அழுதேன், அவள் பார்க்கும்படியாகவே அழுதேன்.

எப்பப்பா வருவே என்று கேட்டாள். தீபாவளிக்கு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. போன தடவையும் இதே இடத்தில்தான் ஆண்டு விழாவுக்கு வருவேன் என்று சொன்னேன். விழுங்கிக்கொண்டேன். "தெரியலம்மா. தெரிஞ்ச அன்னிக்கு உங்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்" என்றேன். என்னால் நிச்சயம் செய்ய முடிந்தது என்ன என்று யோசித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். அங்கே அப்போது ஐந்தரை, சைட் விடும் நேரம். ஏழுன்னா ஏழா என்று கேட்டாள். ஏழுன்னா ஏழுதான் என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு. மஸ்கட்

கேம்ப்பில் அதே கட்டில். ஏழு மணிக்குப் பேசினேன். காலண்டரில் நின்றுபோன நாட்களை மொத்தமாகக் கிழித்துவிட்டாளாம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஏழாம் வகுப்பு. ஏழு மணிக்குப் பேசினேன். புது டீச்சரைப் பற்றி மட்டமாக ஏதோ சொன்னாள். வேற மாதிரி சொல்லு என்றேன். போனைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் சும்மா நின்றேன். சொன்னாள்.

ஜூன் 3, செவ்வாய்

ஏழு மணி. பேசினேன். சுகந்தியும் பேசினாள். வெண்டைக்காய் சாப்பிட்டாளாம்.

ஜூன் 5, வியாழன்

நான்காவது மாடியில் காங்கிரீட். விட்டுவிட்டு இறங்க முடியாது. இறங்கி போனை எடுக்கும்போது ஊரில் ஏழு இருபது. வீடியோவில் கூப்பிட்டேன், முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

சைட், காங்கிரீட் என்று ஆரம்பித்தேன். "வேற மாதிரி சொல்லு" என்றாள்.

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "லேட்டாயிடுச்சு. தப்பு என்னுதுதான்" என்றேன்.

"சரி. ஆனா இருவது நிமிசம் லேட்டு. அதனால இன்னிக்கு ரெண்டு நிமிசம்தான்."

கெஞ்சிப் பார்த்தேன். இறங்கி வரவில்லை. வகுப்பில் வைத்த கணக்கு டெஸ்ட்டில் எவ்வளவு என்று சொன்னாள், சைக்கிளில் மறுபடி காற்று இல்லை என்றாள், விமல் மாமா அடித்துக் கொடுத்தாராம். நான் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போது இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்றாள். நான் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். சொன்னபடி வைத்துவிட்டாள்.